மணியடிக்கும் சிலேட்டு

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கையில் கைப்பேசி இருக்கலாமா, கூடாதா? இந்தக் கேள்வியை நம்மிடம் கேட்காதவர்கள் ஸ்ரீவில்லிபுத்தூரில் இனிமேல்தான் பிறக்க வேண்டும். கடைத்தெருவில் காய் வாங்கப் போனால் கேட்கிறார்கள். இராஜபாளையம் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் பக்கத்தில் இருப்பவர் கேட்கிறார். கலியாணப் பந்தியில் உட்கார்ந்து, இலையில் சாதம் விழுவதற்குள் இரண்டு பேர் கேட்டுவிடுகிறார்கள். கேட்பவர்களில் பெரும்பாலோர் பதிலுக்குக் காத்திருப்பதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதற்குள் அவர்களுடைய சட்டைப் பையில் மணியடித்துவிடுகிறது!

இவ்விஷயத்தில் இரண்டு கட்சிகள் இருக்கின்றன. முதற் கட்சியார், "அந்தச் சனியனைப் பிடுங்கிக் கிணற்றில் போடுங்கள், பிள்ளைகள் தாமே படிப்பார்கள்" என்கிறார்கள். இரண்டாம் கட்சியார், "உலகம் எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறது, நீங்கள் இன்னும் சாக்குக்கட்டியைக் கட்டிக்கொண்டு அழுகிறீர்களே!" என்று நம்மைப் பார்த்து இரங்குகிறார்கள். நாம் பட்டம் பெற்று, கணித உபாத்தியாயராக வேலைக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இவ்வளவு காலமும் வகுப்பறையிலேயே நின்றதன் பயனாக, இரண்டு கட்சியிலும் சேர முடியாதவர்களாக ஆகியிருக்கிறோம். அதன் காரணத்தைச் சற்று விவரமாகச் சொல்ல விரும்புகிறோம்.

நமது மாவட்டத்தாருக்குப் படிப்பில் உள்ள அக்கறை வெளியூராரும் அறிந்ததே. 2017-லும் 2018-லும் பிளஸ் டூ பரீட்சையின் தேர்ச்சி விகிதத்தில் மாநிலத்திலேயே முதலாவதாக நின்றது விருதுநகர் மாவட்டந்தான். சிவகாசியில் அச்சகமும் பட்டாசும் தீப்பெட்டியும். இராஜபாளையத்தில் நூற்பாலையும் பாண்டேஜ் துணியும். நம் ஊரில் தறியும் பால்கோவாவும். கையினால் உழைக்கும் ஜனங்கள் இங்கே அதிகம். தங்கள் கை காய்த்துப் போனாலும் பிள்ளையின் கையில் பேனா இருக்கவேண்டும் என்பது அவர்களுடைய ஒரே பிரார்த்தனை. பிள்ளைக்கு நான்கு நோட்டுப் புத்தகம் கூடுதலாக வாங்குவதற்காகத் தமக்கு ஒரு வேஷ்டி குறைத்துக்கொண்ட தகப்பனார்களை நாம் அறிவோம்.

இப்படிப்பட்ட வீடுகளுக்குள் கைப்பேசி திருடனைப் போல் சுவரேறிக் குதித்து வரவில்லை. பள்ளிக்கூடமே அதற்குக் கதவைத் திறந்துவிட்டது. தமிழ்நாட்டு அரசாங்கம் 2011-ஆம் வருஷம் செப்டம்பர் 15-ஆம் தேதி, மேல்நிலை வகுப்பு மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி கொடுக்கத் தொடங்கிற்று. 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி வந்தது. 2020 மார்ச்சில் கொரோனா நோய் காரணமாகப் பள்ளிகள் மூடப்பட்டன. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையில் உள்ள குழந்தைகள் மறுபடியும் பள்ளிக்கூட வாசலை மிதித்தது 2021 நவம்பர் 1-ஆம் தேதி. ஏறக்குறையப் பத்தொன்பது மாதம்! அவ்வளவு காலமும் பாடம் என்பது கைப்பேசி வழியாகவும் தொலைக்காட்சி வழியாகவுந்தான் போய்ச் சேர்ந்தது. "எப்படியாவது ஒரு ஸ்மார்ட்போன் வாங்கிக் கொடுங்கள்" என்று பெற்றோர்களிடம் ஊர் ஊராக உபாத்தியாயர்கள் கேட்டுக்கொண்ட காலம் அது.

அந்நாட்களில் நம்மிடம் ஒன்பதாம் வகுப்புப் படித்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்லவேண்டும். தகப்பனார் லாரியில் சுமை ஏற்றுபவர். தாயார் நூற்பாலையில் வேலை செய்பவர். வீட்டுக்கு ஒரே கைப்பேசி. காலையில் தகப்பனாரோடு அது வேலைக்குப் போய்விடும். இரவு எட்டு மணிக்குத்தான் வீடு திரும்பும். திரும்பியதும் அண்ணன் முதலில் எடுத்துக்கொள்ளுவான். ஒன்பது மணிக்கு மேல் இந்தப் பெண்ணின் முறை. நாம் பகலில் அனுப்பிய கணக்குகளை அப்போதுதான் பார்த்து, நோட்டில் எழுதி, படம் பிடித்து அனுப்புவாள். அந்தக் கைப்பேசியின் காமிராக் கண்ணாடியில் ஒரு கீறல். ஆகையால் அவள் அனுப்பும் ஒவ்வொரு கணக்கின் குறுக்கேயும் சாய்வாக ஒரு கோடு கிடக்கும். தவறான விடையை அடித்துவிட்டாளோ என்று முதல் நாள் நமக்குச் சந்தேகம் வந்தது. விடை சரியாகத்தான் இருந்தது. அந்தக் கோட்டோடுகூடவே அவள் ஒரு வருஷம் படித்தாள். இன்று கல்லூரிக்குப் போயிருக்கிறாள். கைப்பேசியைக் கிணற்றில் போடச் சொல்லும் அன்பர்களைக் காணும்போதெல்லாம் நமக்கு அந்தச் சாய்வுக் கோடு கண்முன் நிற்கிறது. கிணற்றில் போட்டிருந்தால் அவளையும் அல்லவா சேர்த்துப் போட்டிருப்போம்?

ஆனால் கதை அதோடு முடியவில்லை. பள்ளிகள் திறந்து பிள்ளைகள் திரும்பி வந்தபோது, அவர்களிடம் ஒரு மாறுதலைக் கண்டோம். அது குறும்பு அன்று. குறும்பு எக்காலத்திலும் உண்டு. சோம்பலும் அன்று. நாற்பது நிமிஷப் பாட வேளையில் ஒரே பொருளின்மேல் மனத்தை நிறுத்துவது அவர்களுக்கு உடம்பு நோவைப் போல் கஷ்டமாயிருந்தது. பத்தாம் வகுப்பில் தேல்ஸ் தேற்றம் என்று ஒரு பாடம். முக்கோணத்தின் ஒரு பக்கத்துக்கு இணையாகக் கோடு வரைந்து, படிப்படியாக நிரூபித்துக்கொண்டு போகவேண்டும். முதல் படியில் எல்லாரும் நம்மோடு இருப்பார்கள். இரண்டாம் படியில் பாதிப் பேர். மூன்றாம் படிக்குப் போகும்போது கண்கள் கரும்பலகையில் இருக்கும். மனம் எங்கேயோ போயிருக்கும். கைப்பேசி அப்போது வகுப்பில்கூட இராது. ஆனாலும் கை தானாகவே பையைத் தடவும்.

நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்கு 2019-ஆம் வருஷம் புவிசார் குறியீடு கிடைத்தது எல்லாரும் அறிந்த செய்தி. அதைக் கிண்டுகிறவரை யாராவது கவனித்ததுண்டா? வாணலியில் பால் சுண்டத் தொடங்கியதும் கரண்டி நிற்கவே கூடாது. வாடிக்கைக்காரர் வந்தாலும், வாசலில் தேர் வந்தாலும், திரும்பிப் பார்க்க நேரமில்லை. ஒரு நிமிஷம் கை ஓய்ந்தால் அடிப் பிடித்துவிடும். பிறகு எவ்வளவு சர்க்கரை போட்டாலும் அந்தக் கருகல் வாசனை போகாது. படிப்பும் அப்படித்தான். பால் இருக்கிறது, சர்க்கரை இருக்கிறது, அடுப்பு எரிகிறது. கிண்டுகிற கை மட்டும் அடிக்கடி ஓய்ந்துபோனால் பண்டம் எப்படித் திரளும்?

இங்கே இரண்டாம் கட்சியார் குறுக்கிட்டு, "எந்தப் புதுக் கருவி வந்தபோதும் கிழவர்கள் இப்படித்தான் புலம்பியிருக்கிறார்கள். ஓலை போய்க் காகிதம் வந்தது. எழுத்தாணி போய்ப் பேனா வந்தது. உலகம் கெட்டா போயிற்று?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. நம் நாட்டுத் திண்ணைப் பள்ளிக்கூடத்தின் கருவி என்ன? மணல். 1789-ல் சென்னை எழும்பூரில் இருந்த அனாதைச் சிறுவர் விடுதியின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், இந்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். வியந்து, தம் விடுதியிலும் அதையே புகுத்தினார். நம்முடைய சட்டாம்பிள்ளை முறையைப் போல் ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளைக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கவும் ஏற்பாடு செய்தார். 1797-ல் லண்டனில் அதைப் பற்றிப் புத்தகம் வெளியிட்டார். "சென்னை முறை" என்னும் பெயரால் இங்கிலாந்திலேயே அது பரவிற்று. ஆகவே, கருவி ஏழையாயிருந்தால் கல்வியும் ஏழையாயிருக்கும் என்பதில்லை. கருவி மாறினால் கல்வி அழிந்துவிடும் என்பதும் இல்லை.

ஆனால் மணலுக்கும், ஓலைக்கும், சிலேட்டுக்கும், பேனாவுக்கும் பொதுவான ஒரு குணம் உண்டு. நாம் எடுக்கும் வரையில் அவை சும்மா இருக்கும். எந்தச் சிலேட்டும் நடு வகுப்பில் மணியடித்து, "உன் சிநேகிதன் ஒரு படம் போட்டிருக்கிறான், வந்து பார்" என்று கூப்பிட்டதில்லை. கைப்பேசி கூப்பிடுகிறது. அதற்குள் இருக்கும் பல செயலிகள், பார்ப்பவரை எவ்வளவு நேரம் பிடித்து வைத்தோம் என்று கணக்கிட்டு விளம்பரத்தில் லாபம் சம்பாதிக்கின்றன. கூப்பிடுவதுதான் அவற்றின் ஜீவனம். படித்த பெரியவர்களே அந்த அழைப்பைத் தட்ட முடியாமல் தவிக்கும்போது, பதினான்கு வயதுப் பிள்ளை தன்னந்தனியாக அதை எதிர்த்து நிற்கவேண்டும் என்று எதிர்பார்ப்பது எவ்விதத்தில் நியாயம்?

வெளிநாட்டார் இதைப் பற்றி யோசிக்காமல் இல்லை. பிரான்ஸ் தேசம் 2018-லேயே பதினைந்து வயது வரையில் உள்ள பிள்ளைகளின் பள்ளிகளில் கைப்பேசியைச் சட்டத்தினால் விலக்கிற்று. நெதர்லாந்து 2024 ஜனவரியில் வகுப்பறையிலிருந்து அதை வெளியேற்றிற்று. கல்விக்குப் பேர்போன பின்லாந்து, 2025 ஆகஸ்டு முதல் பாட வேளையில் ஆசிரியர் அனுமதியின்றி அதைத் தொடலாகாது என்று சட்டம் செய்திருக்கிறது. அச்சடித்த பாடப் புத்தகத்துக்குத் திரும்புவதென்று ஸ்வீடன் 2023-ல் முடிவு செய்து பணம் ஒதுக்கிற்று.

இவற்றால் பயன் உண்டா? இங்கிலாந்தில் 4 நகரங்களில் 91 பள்ளிகளை ஆராய்ந்து, லண்டன் பொருளாதாரக் கல்லூரியிலிருந்து 2015-ல் ஓர் அறிக்கை வந்தது. கைப்பேசியை விலக்கிய பள்ளிகளில் மதிப்பெண் ஓரளவு உயர்ந்தது. அந்த உயர்வில் பெரும் பங்கு, படிப்பில் பின்தங்கிய பிள்ளைகளுக்கே கிடைத்தது. முதல் வரிசை மாணவர்களுக்கு லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. வழி தெரிந்தவன் சந்தைக் கூட்டத்திலும் வீடு போய்ச் சேருவான். வழி தெரியாதவன்தான் தொலைந்து போவான் அல்லவா? ஆனால் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். பர்மிங்காம் சர்வகலாசாலையார் 30 பள்ளிகளைப் பார்த்து 2025-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், பள்ளியில் மட்டும் விலக்கு வைப்பதனால் பிள்ளைகளின் மனநலம் மேம்பட்டதாகக் காணவில்லை. நாள் முழுவதும் சேர்த்துப் பார்த்தால், கைப்பேசியில் செலவான நேரமும் குறைந்தபாடில்லை. அதாவது, பள்ளிக்கூடம் அடைக்கும் கதவை வீடு திறந்துவிடுகிறது.

நம் நாட்டில் டில்லி உயர் நீதிமன்றம் 2025-ல் இவ்விஷயத்தில் நடுவழி ஒன்றைக் காட்டியிருக்கிறது. முழுத் தடை விரும்பத்தக்கதும் அன்று, நடக்கக்கூடியதும் அன்று. வகுப்பறையில் உபயோகிக்கக் கூடாது. இயன்ற இடங்களில் காலையில் வாங்கி வைத்து மாலையில் திருப்பிக் கொடுக்கலாம். விதிகளைப் பெற்றோரையும் ஆசிரியரையும் கலந்து செய்யவேண்டும். கருவியை நல்ல முறையில் கையாளப் பிள்ளைகளுக்குக் கற்றுக் கொடுக்கவும் வேண்டும் என்பது அதன் சாரம்.

நாம் வேலை பார்க்கும் பள்ளியிலும் அப்படி ஒரு கூட்டம் நடந்தது. மாணவர் கைப்பேசி கொண்டு வரலாகாது என்பது பழைய விதிதான். ஆயினும் புத்தகப் பைக்குள்ளே, சோற்றுப் பாத்திரத்துக்கு அடியிலே, அது வந்துகொண்டுதான் இருந்தது. கூட்டத்தில் கனவான்கள் பலர் நீளமாகப் பேசினார்கள். கடைசியில், நூற்பாலையில் வேலை செய்யும் ஓர் அம்மாள் எழுந்தார். பணி முடிந்து நேரே வந்திருந்தார். தலைமுடியில் பஞ்சுத் தூள் அப்படியே இருந்தது.

"சார், மில்லுக்குள்ளே நாங்க போனைக் கொண்டு போக முடியாது. கேட்டிலேயே வாங்கி வச்சுக்கிடுவாக. மிசின்ல நூல் அறுந்துச்சுன்னா, பார்த்த உடனே எடுத்து ஒட்டணும். கண்ணு போன்ல இருந்தா அம்புட்டும் கழிவாத்தான் போகும். எங்களுக்கு உள்ள நியாயம் எங்க பிள்ளைக்கும் இருக்கட்டும். வகுப்புக்குள்ளே வேண்டாம் சார். ஆனா சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸ் முடிஞ்சு, பஸ் ஏறிட்டேன்னு அவ ஒரு வார்த்தை சொன்னாத்தான் எனக்கு மூச்சு வரும். அதுக்கு ஒரு வழி பண்ணிக் குடுங்க."

கனவான்களின் பேச்சு முழுவதையும் தராசின் ஒரு தட்டில் வைத்து, இந்த நான்கு வார்த்தைகளை மறு தட்டில் வைத்தால், எந்தத் தட்டு தாழும் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை.

அதன் பிறகு மாணவர்கள் சார்பில் வந்திருந்த ஒரு பையன் தயங்கித் தயங்கி எழுந்து, "சார், ஆசிரியர்களும் பெட்டியிலே போடுவாங்களா?" என்று கேட்டான். கூட்டம் கொல்லென்று சிரித்தது. தலைமையாசிரியர் மட்டும் சிரிக்கவில்லை. "கேட்டது சரிதான்" என்றார். பிள்ளைகளின் வருகைப் பதிவு இப்போது கைப்பேசிச் செயலியில்தான். சுற்றறிக்கை வருவதும் அதிலேதான். ஒவ்வொரு தகவலுக்கும் ஆசிரியர் பாடத்தை நிறுத்திவிட்டுப் பையைத் துழாவினால், பிள்ளைகளுக்கு எந்த உபதேசமும் ஏறாது.

முடிவு இதுதான். கைப்பேசி கொண்டு வரவேண்டிய அவசியம் உள்ள பிள்ளைகள், பெற்றோர் கையெழுத்தோடு காலையில் அலுவலக அறையில் கொடுத்து, எண் போட்ட வில்லை ஒன்றைப் பெற்றுக்கொள்ள வேண்டும். மாலையில் வில்லையைக் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். ஆசிரியர்கள் முதல் வேளையின் தொடக்கத்தில் வருகைப் பதிவை முடித்துவிட்டுத் தங்கள் கைப்பேசியை ஆசிரியர் அறையில் வைத்துவிட வேண்டும். வீடியோ பார்த்துத்தான் விளங்கும் பாடமானால், பள்ளியின் திரையில் எல்லாரும் சேர்ந்து பார்க்கலாம். அரசின் "மணற்கேணி" செயலியில் 2023 முதல் பாட வீடியோக்கள் கிடைக்கின்றன. ஒரு திரையில் நாற்பது பேர் பார்த்தால், நடுவிலே நிறுத்திக் கேள்வி கேட்கலாம். கடைசியாக, பள்ளிக் கணினி அறை மாலையில் ஒரு மணி நேரம் திறந்திருக்கும். வீட்டில் கருவி இல்லாத பிள்ளைக்கே அங்கே முதல் இடம். இந்தக் கடைசி விதிக்காக நாம் சற்றுப் பிடிவாதமாகவே வாதாடினோம். கருவியைப் பிடுங்கும் விதி மட்டும் இருந்து, கருவியைக் கொடுக்கும் விதி இல்லாவிட்டால், அதன் பாரம் முழுவதும் ஏழைப் பிள்ளையின் தலையில்தான் விழும்.

பலன் என்ன என்று கேட்பீர்கள். மதிப்பெண் மலைபோல் உயர்ந்துவிட்டதாகப் பறைசாற்ற மாட்டோம். மத்தியான இடைவேளையில் இரைச்சல் அதிகமாயிருக்கிறது. மாடிப்படியில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்த பையன்கள் இப்போது வேப்பமரத்தடியில் சண்டை போடுகிறார்கள், சமாதானமும் செய்துகொள்ளுகிறார்கள். மூன்றாவது மாதத்தில் ஒரு நாள் தேல்ஸ் தேற்றத்தை முடித்துவிட்டுத் திரும்பினோம். பின் வரிசையிலிருந்து ஒரு பையன், "சார், அந்தக் கோடு இணையா இல்லாட்டி என்ன ஆகும்?" என்று கேட்டான். கடைசிப் படி வரையில் நம்முடன் நடந்து வந்தவனால்தான் அந்தக் கேள்வியைக் கேட்க முடியும். ஓர் உபாத்தியாயருக்கு அதைவிடப் பெரிய சன்மானம் எந்த மகாராஜாவாலும் கொடுக்க முடியாது.

இனி வீட்டு விஷயம். கிராமப்புறக் குழந்தைகளைப் பற்றி "அசர்" என்னும் ஆய்வு 2024-ல் கண்டதைச் சொல்லுகிறோம். நம் தேசத்துக் கிராமங்களில் 14 முதல் 16 வயது வரையில் உள்ள பிள்ளைகளில் 82 சதவிகிதத்தினருக்கு ஸ்மார்ட்போன் உபயோகிக்கத் தெரிகிறது. அவர்களில் முந்தின வாரத்தில் படிப்பு சம்பந்தமாக அதைத் தொட்டவர்கள் 57 சதவிகிதம். சமூக ஊடகத்துக்காகத் தொட்டவர்கள் 76 சதவிகிதம். இந்தக் கணக்கைப் பார்த்துப் பிள்ளைகள்மேல் கோபப்படுவதில் பயனில்லை. படிப்புக்காகத் தொட்டவர்கள் பாதிக்கு மேல் என்பதையும் கவனிக்கவேண்டும். வாய்க்கால் இருக்கிறது; தண்ணீரும் வருகிறது. மடையைத் திருப்பிவிடப் பக்கத்தில் ஒரு பெரியவர் வேண்டும்.

அந்தப் பெரியவர் யார்? இரவு ஏழு மணிக்கு மகன் புத்தகத்தோடு உட்காருகிறான். எதிரே தகப்பனார் கைப்பேசியில் பட்டிமன்றம் பார்க்கிறார். தாயார் அடுப்படியில் தொடர்கதை பார்க்கிறார். பாட்டிகூட இப்போதெல்லாம் ஆண்டாள் சந்நிதி ஆடிப்பூரத் தேரைக் கைப்பேசியிலேயே சேவித்துவிடுகிறாள். நடுவிலே அந்தப் பையன் மட்டும் ரிஷியைப் போல் தபசு செய்யவேண்டும் என்றால், ரிஷிகள்கூடக் காட்டுக்குப் போய்த்தானே தபசு செய்தார்கள்?

சுயராஜ்யம் என்ற சொல்லுக்குத் தன்னைத் தான் ஆளுதல் என்றும் பொருள் உண்டு என்பதைக் காந்தி மகான் 1909-லேயே தம் நூலில் வற்புறுத்தினார். தேசத்தை ஆளும் உரிமையை 1947-ல் பெற்றோம். தன் கவனத்தைத் தானே ஆளும் உரிமையை ஒவ்வொரு குழந்தைக்கும் வாங்கிக் கொடுக்கும் வேலை இன்னும் பாக்கியிருக்கிறது. அந்த உரிமை, கருவியைப் பிடுங்குவதனால் மட்டும் வந்துவிடாது. கையில் திணிப்பதனாலும் வராது. எப்போது எடுப்பது, எப்போது வைப்பது என்பதைப் பிள்ளை தானே நிர்ணயிக்கும் நாள்தான் அவனுக்குச் சுதந்திர தினம். அந்த நாள் வரும் வரையில் பள்ளிக்கூடமும் வீடும் சேர்ந்து அவனுக்காக வேலி போட்டுக் காக்கவேண்டும். காற்று வருவதற்கு ஒரு ஜன்னலும் வைக்கவேண்டும்.

நேயர்களுக்கு ஒரே ஒரு விண்ணப்பம். இன்று இரவு ஏழு மணி முதல் எட்டு மணி வரையில் வீட்டில் உள்ள எல்லாக் கைப்பேசிகளையும், முக்கியமாகத் தங்கள் கைப்பேசியை, ஒரு பெட்டியில் போட்டு மூடி வையுங்கள். பிள்ளைகளிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம். அவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.